இரட்டை முடிச்சு

கால் உள்ளேதான் இருக்கிறது. கட்டைவிரலை மடக்கிப் பார்த்தேன், துணிப்பந்து இடித்தது, சரி, அப்படியே இரு கண்ணு, இன்னும் கொஞ்ச நேரம் இந்த ஷூவுக்குள்ளேயே கிட, வெளியே வந்தாயோ எல்லாம் போச்சு. ஷூ என் வீட்டுக்காரருடையது. அவர் கட்டிட வேலையில் கம்பி கட்டுகிறவர், முன்னால் ஒரு பெரிய சைட்டில் வேலை செய்தபோது கொடுத்த சேஃப்டி ஷூ, விரல் பக்கம் இரும்புத் தகடு வைத்தது, என் காலுக்கு அது ஷூ இல்லை, படகு. அதனால் பிள்ளையின் பழைய துணிகளை உருட்டி உள்ளே திணித்திருக்கிறது. காலையில் வாசல்படியில் என்னை உட்காரவைத்து அவர்தான் கயிற்றை இழுத்துக் கட்டினார், கட்டிவிட்டு அதன்மேல் இன்னொரு முடிச்சு, இன்னைக்கு நீயே நெனச்சாலும் கழட்ட முடியாது பாரு என்றார். கம்பி கட்டுகிற கை போட்ட முடிச்சு, தடவிப் பார்த்தேன், சுண்டைக்காய் மாதிரி கெட்டியாக இருந்தது. கட்டி முடித்த பிறகுதான் தண்ணீர் பாட்டில் உள்ளே அடுப்படியில் இருப்பது ஞாபகம் வந்தது, ஷூவோடு உள்ளே போக முடியாதே, படியில் நின்றபடியே முழித்தேன், அத்தைதான் எடுத்துவந்து கையில் கொடுத்தார்கள், ஷூவை ஒரு பார்வை பார்த்தார்கள். இப்போது திரைக்குப் பின்னால் நிற்கிறேன். திரை என்றால் பெரிய திரை ஒன்றுமில்லை, செமினார் ஹால் ஜன்னல்களில் தொங்கின கறுப்புத் துணியை அவிழ்த்து நைலான் கயிற்றில் கோத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் முதல் குழு அவர்களுடைய நாடகத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்தது நாங்கள், நானும் கூடப் படிக்கிற சாதிக்கும். என்மேல் வகுப்புத் தோழி ஷெரினுடைய அப்பா ராணுவத்தில் போட்ட கம்பளிக் கோட்டு, முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது, அந்துருண்டை வாசனை. துறையூரில் ஏப்ரல் மாசத்தில் கம்பளிக் கோட்டு. முதுகில் வியர்வை ஓடை மாதிரி இறங்குகிறது, தோளில் பனி கொட்டிக் கிடக்கிறது. டிவி பெட்டிக்குள் வைத்து வருமே தெர்மாகோல், அதை நேற்று நானே தேங்காய்த் துருவியில் துருவினேன். அத்தை அதையும் பார்த்தார்கள், துருவியை மட்டும் இரண்டு தடவை கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள்.

எம்.ஏ. முதல் வருஷம், நவீன ஐரோப்பிய நாடகம் என்று ஒரு பேப்பர். படிக்கணும், நடிக்கணும், எழுதணும், மூன்றுக்கும் மார்க் உண்டு. எஸ்தர் மேடம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள், நாடகத்தை உட்கார்ந்து படித்தால் பாதிதான் தெரியும், எழுந்து நின்றால் மீதி தெரியும், எழுதும்போதுதான் தெரியாதது எது என்று தெரியும். எங்களுக்கு வந்தது வடக்குக் கோடியில் ஒரு துறைமுக ஊரில் நடக்கிற கதை. அதில் ஹெல்கா என்று ஒருத்தி. வீட்டை விட்டுப் போய்விடுவது என்று டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு ரயிலடிக்குப் போனவள், பனி விழுந்து ரயில் வராமல் திரும்பி வருகிறாள். அவள் புருஷன் கார்ல் துறைமுகத்தில் கணக்கர், மேசையில் சூப் குடித்துக்கொண்டிருக்கிறான். இவள் கடைக்குப் போய் வருகிறாள் என்று நினைத்துப் பேசுகிறான் பேசுகிறான் அப்படிப் பேசுகிறான், ஆபீஸ், பக்கத்து வீட்டு நாய், சூப்பில் உப்பு, எல்லாம். ஹெல்கா கோட்டோடும் ஷூவோடும் கதவருகிலேயே நிற்கிறாள். கடைசியில் குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்க்கிறாள், விளக்கு அணைகிறது, அவ்வளவுதான் நாடகம். முதலில் படித்தபோது, இதுக்கா ஒரு புஸ்தகம் என்று நினைத்தேன். பிள்ளை நிறைமதிக்குப் பால் கொடுத்துக்கொண்டே சத்தமாகப் படிப்பேன், எட்டு வரை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம், அதற்கு மேல் பக்கத்து ஊர், எல்லாம் தமிழ்வழி, அதனால் இங்கிலீஷைச் சத்தம் போட்டுப் படித்தால்தான் எனக்கு ஏறும். பிள்ளை கார்ல் பேசும்போதெல்லாம் குடிக்கும், மௌனம் என்று போட்ட இடத்தில் நான் நிறுத்தினால் குடிப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்க்கும். அப்போதுதான் எனக்கே உறைத்தது, இந்த நாடகத்தில் விஷயமெல்லாம் பேசாத இடத்தில் இருக்கிறது. வகுப்பில் தமிழில் மாற்றும்போது ஆளாளுக்கு வசனத்தை எடுத்துக்கொண்டார்கள், எனக்கு மிச்சமாக வந்தது அடைப்புக்குறிக்குள் இருக்கிறதெல்லாம், நிற்கிறாள், பார்க்கிறாள், மௌனம், மறுபடியும் மௌனம். ஹெல்கா வேஷமும் அப்படித்தான் வந்தது. இங்கிலீஷ் உச்சரிப்புச் சுத்தமாக இருக்கிற ஷெரின் வாயாடுகிற வேஷம் வேண்டும் என்றாள், ஹெல்காவுக்கு வசனம் ரொம்பக் கம்மி, ரேணுகா அக்கா பண்ணட்டும் என்றார்கள். சரி என்று வாங்கிக்கொண்டேன். பரிமாறுகிறவளுக்குத்தானே தெரியும் எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று.

ஆனால் இந்தக் கால் இருக்கிறதே. ஒத்திகை என்று ஆரம்பித்த நாளிலிருந்து இந்தக் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. உள்ளே நுழைகிற இடத்துக்குக் கதவு மாதிரி இரண்டு நாற்காலியைப் போட்டு வைத்திருப்போம், அதைத் தாண்டும்போது என் இடது கால் தானாக வலது குதிகாலை மிதிக்கும், ஷூ கழன்றுவிடும், வெறுங்காலோடு உள்ளே போய் நிற்பேன், எனக்கே தெரியாது. சாதிக் தலையில் கை வைப்பான். அக்கா, உள்ள வந்ததும் கழட்டிட்டா அப்புறம் நான் யாருக்காக இவ்வளவு பேசறேன் என்பான். அவனுக்கு இருபத்தொரு வயசு, எனக்கு இருபத்தாறு, டிகிரி முடித்ததும் கல்யாணம், பிறகு பிள்ளை, அதற்கப்புறம் வந்து சேர்ந்தவள் நான், அதனால் வகுப்பு முழுக்க எனக்குத் தம்பியும் தங்கையும். கார்லாக அதட்டணும் அவன், ஹெல்கா அக்கா சூப் ஆறிப்போச்சு என்பான். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சாதிக், பெண்டாட்டி அவள் என்பார்கள், அவன் காது சிவந்துபோகும். அவன் கூடத் திருந்திவிட்டான், என் கால்தான் திருந்தவில்லை. மாதிரித் தேர்வு அன்றைக்கு எல்லோரும் உட்கார்ந்திருக்க, நான் கம்பீரமாக நுழைந்து, ஷூவைக் கழற்றி, கழற்றினது மட்டுமில்லை, குனிந்து இரண்டையும் ஜோடியாகச் சேர்த்து ஓரமாகத் தள்ளி வேறு வைத்தேன். ஹாலே சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, ரேணுகா, நாடகம் முடிஞ்சுபோச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மார்க்கும் அப்படித்தான் விழுந்தது. இன்றைக்கு வெளியிலிருந்து வந்திருக்கிற எக்ஸாமினர் முன்னால் நடித்து, மத்தியானம் எழுதி, இரண்டிலும் சேர்த்துத் தேறவில்லை என்றால் இந்தப் பேப்பர் போகும். ஒரு பேப்பர் போனாலும் படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்று வீட்டில் சொன்னதும் நான்தான், யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் வாயைக் கொடுத்தேன்.

அதைச் சொன்னதும் ஒரு வாசலில்தான். அப்போது பிள்ளைக்கு மூன்று மாசம். சேர்க்கைக்குக் கடைசி நாள், ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பினவள் பஸ் ஏறிப் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பி வந்து படியில் நின்றேன். உள்ளே அத்தை பிள்ளையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்கள், அவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார், அடுப்படியில் பாத்திரம் குவிந்து கிடந்தது. செருப்பைக் கழற்றி ஒரு கால் உள்ளே வைத்தேனென்றால் அந்தப் பாத்திரம் கூப்பிடும், பிள்ளை அழும், சாதம் வைக்கணும், பிறகு படுக்கணும், சொல்ல வந்தது தொண்டையிலேயே வேர் விட்டுவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் செருப்போடே நின்று சொன்னேன், காலேஜில சேந்துட்டேன், திங்கக்கிழமையிலேருந்து கிளாசு, ஒரு பேப்பர் போனாக்கூட நிறுத்திடறேன். அவர் சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். அத்தை பிள்ளையை ஆட்டுவதை நிறுத்தாமலே, செருப்போட உள்ள வராத என்றார்கள். அவ்வளவுதான். திட்டா, சம்மதமா, எனக்கு இன்றுவரை தெரியாது. திங்கட்கிழமை காலையில் பிள்ளையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள், அதுதான் தெரியும். அதனால் ஹெல்கா ஏன் ஷூவோடு நிற்கிறாள் என்று எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, அவளிடம் சொல்லாத சேதி ஒன்று இருக்கிறது. எனக்கு விளங்காதது கடைசி இடம்தான். ஏன் கழற்றினாள்? வகுப்பில் எல்லோரும் தோற்றுவிட்டாள் என்று எழுதினார்கள். நான், நானாக இருந்தால் கழற்ற மாட்டேன் என்று எழுதினேன். மேடம் ஓரத்தில் சிவப்பு மையில், நீ இல்லை, அவள், அவள் ஏன் கழற்றினாள் என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். அதுதான் அன்றிலிருந்து தோசைக்கல்லில் ஒட்டின மாவு மாதிரி, சுரண்டச் சுரண்ட அதே இடத்தில் இருக்கிறது. மாவு ஆட்டும்போது கேட்கிறேன், ஏன் கழற்றினாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் கழற்றினாள் என்றால் ஒத்துக்கொள்ளலாம், அவள்தான் சொல்லவே இல்லையே. ரயில் லேட்டு என்கிறாள், அவன் தபால் வராது போல என்கிறான். சொன்னதும் போச்சு, சொல்லாததும் போச்சு.

திரை இடுக்கில் பார்க்கிறேன். எக்ஸாமினர் முன்வரிசையில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் மேடம். விளக்கு சுவிட்சுப் பெட்டியருகே ஷெரின். கயிறு அவிழ்ந்ததும் அணைக்கணும், அதற்கு முன்னால் தொடக்கூடாது என்று அவளிடம் தலையில் அடித்துச் சொல்லியாகிவிட்டது. கடைசி வரிசையில் இன்னும் ஆளில்லை. வீட்டுக்காரர் வரமாட்டாரோ. பிள்ளை தூங்கி எழுந்ததும் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றார், இன்றைக்கு லீவு போட்டிருக்கிறார், வண்டியில் முன்னால் உட்காரவைத்துக் கட்டிக்கொண்டு வருவார், வழியில் வெயில், தொப்பி போட்டாரோ இல்லையோ, வராமலே இருந்தாலும் நல்லதுதான், வந்து பிள்ளை அழுதால் என்ன செய்வேன். விடிகாலை கொடுத்த பால். இப்போதே இரண்டு பக்கமும் கல் மாதிரி கட்டிக்கொண்டு கிடக்கிறது, கோட்டின் பொத்தான் உரசினாலே வலிக்கிறது. உள்ளே துணி மடித்து வைத்திருக்கிறேன், மேலே கம்பளி இருக்கிறது, எது வந்தாலும் வெளியே தெரியாது, ரேணுகா, தெரியாது. பயம் என்று சொல்ல மாட்டேன். மேடை என் வேலை, அதில் எனக்குப் பயமே இல்லை, ஒரு வீட்டில் ஒருத்தி நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா. பால்தான் என் வேலை இல்லை, அது நான் சொல்லி வருகிறதில்லை, குரல் கேட்டால் வரும். சாதிக் பிளாஸ்கைத் திறந்து கிண்ணத்தில் ஊற்றுகிறான், சூப் என்று பெயர், நான் வைத்த மிளகு ரசம், வாசனை கிளம்பியதும் எனக்குப் பசி எடுக்கிறது. அக்கா மௌனம் ரொம்ப இழுக்காதீங்க, எனக்கு அந்த நேரத்துல ரசம் தீந்துடுது என்று கிசுகிசுக்கிறான். மௌனத்துக்கு எல்லோரும் மனசுக்குள் ஒன்று இரண்டு எண்ணுவார்கள். எனக்கு எண்ண வராது. நான் அடுப்பில் பால் ஏறுகிறதை நினைத்துக்கொள்வேன், ஓரத்தில் நுரை கட்டும், நடுவில் தோல் சுருங்கும், கையில் துணியோடு நிற்போமே, இப்போதா இப்போதா என்று, பொங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால் இறக்குவோமே, அதுதான் ஒரு மௌனம். பால் பொங்குகிறதாம், இப்போது போய் நான் பாலைத்தான் நினைக்கணுமா. கைதட்டுகிறார்கள். முதல் குழு முடிந்துவிட்டது.

சாதிக் போய் மேசையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு நாற்காலிக்கு நடுவே என் கதவு. நடக்கிறேன், ஷூ டொக்கென்று தரையில் இறங்குகிறது, நல்ல சத்தம், பனியில் நடந்து வந்தவளுக்கு இந்தச் சத்தம்தான் சரி, டொக், டொக், இதோ கதவு, இதோ இடது கால் கிளம்புகிறது, வலது குதிகாலை மிதிக்கிறது, அழுத்துகிறது. ஷூ அசையவில்லை. அவர் முடிச்சு. மனசுக்குள் அந்தக் கம்பி கட்டுகிற கைக்கு ஒரு முத்தம். நின்றேன். ஷூவோடு ஒரு வீட்டுக்குள் நிற்கிறேன், என் உடம்பு முழுக்க அது தப்பு தப்பு என்கிறது, உள்ளங்கால் கூசுகிறது, யாராவது வந்து திட்டப்போகிறார்கள் என்று முதுகு காத்திருக்கிறது, அந்தக் கூச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டேன், ஹெல்காவுக்கும் இதுதானே, இனி அவள் வீடு இல்லை என்று கிளம்பிப் போன வீட்டில் மறுபடி நிற்கிறாள். சாதிக் கார்லாகிவிட்டான். வாயில் அக்கா என்று வரவில்லை, நல்ல பையன். நாயைப் பற்றிச் சொன்னான், உப்பைப் பற்றிச் சொன்னான், எங்கே போயிருந்தாய் என்று கேட்டுவிட்டு நான் வாய் திறக்குமுன் அடுத்த கரண்டி ரசத்தை உறிஞ்சினான், ஹாலில் யாரோ பெண்பிள்ளை மெல்லச் சிரித்தாள், பழக்கப்பட்ட சிரிப்பு. ரயில் லேட்டு என்றேன். தபால் வராது போல என்றான். பால் அடுப்பில் ஏறுகிறது. எக்ஸாமினர் கழுத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். அப்போது கடைசி வரிசைக் கதவு திறந்து வெளிச்சம் ஒரு பலகை மாதிரி உள்ளே விழுந்தது, வெளிச்சத்தில் அவர், இடுப்பில் நிறைமதி, தலையில் தொப்பி, போட்டிருக்கிறார். கதவு மூடியது. அந்த மௌனத்துக்குள், ஊசி விழுந்தால் கேட்கிற மௌனத்துக்குள், என் பிள்ளை என்னைப் பார்த்து, ம்மா என்றது. சும்மா கூப்பிட்டது, அழவில்லை, இந்தா பார் நீ இங்கே இருக்கிறாயா என்று கேட்கிற ம்மா. சுரீரென்று இரண்டு பக்கமும் இறங்கியது. ஊசி குத்துகிற மாதிரி, சூடாக, துணி நனைந்து, துணியைத் தாண்டி, வயிற்றில் வழிந்தது. நான் அசையவில்லை. ஹெல்காவுக்குப் பிள்ளை இல்லை. புஸ்தகத்தில் இல்லை. ஆனால் காது இருக்கிறது, பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காதா. தலையை மட்டும் அந்தச் சத்தம் வந்த பக்கம் கொஞ்சம் திருப்பினேன், திருப்பித் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான். ம்மா மறுபடி வரவில்லை, அவர் எதையோ வாயில் கொடுத்திருப்பார், சாவிக்கொத்தாக இருக்கும், அதைக் கொடுக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்லியாச்சு.

கடைசி இடம் வந்துவிட்டது. கார்ல் கிண்ணத்தை வழித்துவிட்டு, கதவுல ஏன் நிக்கிற, குளுருது என்கிறான். மௌனம். பால் ஏறி, நுரை கட்டி, இப்போது, குனிந்தேன். கயிற்றைப் பிடித்தேன். முடிச்சு. அட கடவுளே, முடிச்சு. கழன்றுவிடாமல் இருக்கணும் என்று ராத்திரி பகலாக நினைத்தோமே தவிர, கடைசியில் கழற்றணும் என்று எனக்கும் தோன்றவில்லை அவருக்கும் தோன்றவில்லை. நகத்தை வைத்துக் கிண்டினேன், சுண்டைக்காய், அசையவில்லை. மறு காலுக்குப் போனேன், அதுவும் அப்படியே. வியர்வை மூக்கு நுனியிலிருந்து ஷூவின் மேல் சொட்டியது, தெர்மாகோல் உதிர்ந்தது. ஷெரின் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு காத்திருப்பாள், கயிறு அவிழாமல் அணைக்க மாட்டாள், நான்தானே தலையில் அடித்துச் சொன்னேன். ஹாலில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. போச்சா, இந்தப் பேப்பர் போச்சா, வாசலில் சொன்ன வாய் என்னுடையதுதானே, இழு, அவிழ மாட்டேன் என்கிறது, இழு. நாற்காலி தள்ளுகிற சத்தம் மேடையில். சாதிக் எழுந்துவிட்டான். இது நாடகத்தில் இல்லை. கார்ல் கடைசிவரை எழுந்திருக்க மாட்டான், அதுதான் கார்ல். பாவம், அக்கா மாட்டிக்கொண்டாள் என்று வருகிறான், முகத்தில் கார்ல் பாதி, தம்பி பாதி. என் முன்னால் மண்டியிட்டான். முதல் தடவையாக அவன் ஷூவைப் பார்க்கிறான், இவ்வளவு நேரம் பேசின புருஷன் இப்போதுதான் அவள் ஷூவோடு நிற்கிறாள் என்று பார்க்கிறான். குடு, நான் கழட்டறேன் என்றான். நல்ல குரலில்தான் சொன்னான், அன்பாகத்தான் சொன்னான். அவன் விரல் முடிச்சின்மேல் பட்டது. அங்கேதான், சுரண்டிச் சுரண்டிப் பார்த்த அந்தக் கேள்வி தோசைக்கல்லை விட்டுப் பெயர்ந்து வந்தது. புஸ்தகத்தில் என்ன இருக்கிறது, ஹெல்கா குனிந்து கயிற்றை அவிழ்க்கிறாள், நான்தானே அதைத் தமிழில் எழுதினேன், அடைப்புக்குறிக்குள், என் கையால். அவள் அவிழ்க்கிறாள். போனதும் அவள், வந்ததும் அவள், கழற்றுவதாக இருந்தால் அதுவும் அவள். இதை இவன் கழற்றிவிட்டால் அது வேறே நாடகம். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். வேகமாக இல்லை. இரும்புத் தகடு தரையில் உரசி ஒரு சத்தம் போட்டது. சாதிக்கின் கை வெறும் இடத்தில் நின்றது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், பால் பொங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால், ஷெரின் மகராசி, விளக்கை அணைத்தாள்.

இருட்டில் யாரும் கைதட்டவில்லை. பிறகு தட்டினார்கள். விளக்கு வந்ததும் எக்ஸாமினர் மேடத்திடம் புஸ்தகத்தைத் திருப்பிக் காட்டி, இந்தக் காலை இழுப்பது இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். மேடம் எங்களைப் பார்த்தார்கள், முடிச்சைப் பார்த்தார்கள், அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டார்கள். இல்லை சார், மத்தியானம் எழுதுவாள், படித்துவிட்டு மார்க் போடுங்கள் என்றார்கள். அவர் புஸ்தகத்தில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டார், மூடவில்லை. வெளியே வந்ததும் சாதிக், அக்கா உதைக்கப் போறீங்களோன்னு பயந்துட்டேன் என்றான், சிரிக்கிறான். நூலகத்துக்குப் பக்கத்தில் பெண்கள் அறை, கோட்டை உதறிவிட்டுத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பிள்ளையை வாங்கினேன், பால் வந்த வேகத்துக்கு அதற்கு மூச்சு முட்டியது, ஒரு பக்கம் குடிக்க மறுபக்கம் தானாக ஓடியது, அப்பாடா, தலை முதல் கால் வரை இறுக்கம் தளர்ந்தது, கால் தவிர. பிள்ளை அங்கேயே தூங்கிவிட்டது. வெளியே வராந்தாவில் அவர் நின்றிருந்தார். பிள்ளையைக் கொடுத்ததும் தோளில் சாய்த்துக்கொண்டு, கதை என்ன, அந்தப் பய கழட்டிவிட வந்தான்ல, நீ ஏன் இழுத்துக்கிட்ட என்று கேட்டார். எழுதப் போறேன், வந்து சொல்றேன் என்றேன். அவர் குனிந்து ஷூவைப் பார்த்தார், நகம் பிய்ந்து ரத்தம் கட்டியிருந்த என் விரலைப் பார்த்தார், ஐயோ நான் போட்ட முடிச்சு என்று ஒரு கையில் பிள்ளையோடு அப்படியே குந்திவிட்டார், காலைக் குடு, இதுக்கு ஒரு பக்குவம் இருக்கு, ஒரு நிமிஷம்.

"இருங்க. எழுதிட்டு வந்து நானே கழட்டிக்கிறேன்."

"உன்னால அவுக்க முடியாதுடி."

"முடியும். எப்படின்னு மட்டும் சொல்லிக்குடுங்க."

எந்தக் கயிறு மேலே எந்தக் கயிறு கீழே, எதை உள்பக்கமாகத் தள்ளினால் எது தளரும் என்று தொடாமல் விரலால் காட்டினார், பார்த்துக்கொண்டேன், மறக்காது. பரீட்சை ஹாலுக்கு நடந்தேன், டொக், டொக், வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது, பார்க்கட்டும். எங்கள் காலேஜில் பரீட்சை ஹாலுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டுத்தான் போகணும், துண்டுச்சீட்டு கொண்டுபோகக் கூடாதென்று எப்போதோ வைத்த பழக்கம். வாசலில் வரிசையாகக் கிடக்கின்றன, ஷெரினுடைய வெள்ளைச் செருப்பு, சாதிக்கின் வார் அறுந்த செருப்பு. என் இடது கால் கிளம்பியது, வலது குதிகாலை மிதித்தது, பழக்கம், திட்டவில்லை நான், பாவம் அது. முடிச்சு நின்றது. நிலைப்படியில் நின்று நிமிர்ந்தேன். விடைத்தாள் கட்டோடு எஸ்தர் மேடம் கதவருகில் நிற்கிறார்கள், என் காலைப் பார்த்தார்கள், வரிசையைப் பார்த்தார்கள், உள்ளே எழுத உட்கார்ந்த எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். பால் ஏறுகிறது, நுரை கட்டுகிறது.

"உள்ள வா ரேணுகா," என்றார்கள். "அப்படியே வா."

போனேன். என் இடத்தில் உட்கார்ந்து, காலை மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்தேன். கேள்வித்தாள் வருவதற்குள்ளேயே முதல் வரி தயாராக இருந்தது. ஹெல்கா தன் ஷூவைத் தானே கழற்றுகிறாள், யாரும் கழற்றிவிடவில்லை, நாடகம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.